டோனா வாசிக்காத இரண்டாவது ஆல்பம்

இன்று மதியம் ஃப்ரீமன் தெரு சந்தைக்குள் இருக்கிற கஃபேயில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? டோனா மாடிசனை! காட் எண்ட்ஸ் டோனாவை! பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்த கையோடு, நீல மேலங்கியைக் கூடக் கழற்றாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளிகளில் மீன் நாள் என்பதால் காலையிலிருந்து முந்நூறு பிள்ளைகளுக்கு மீன் பரிமாறியிருக்கிறார். அவர் தட்டில் இருந்தது பேக்கன் சாண்ட்விச்.

"நீங்க அவங்கதானே?" என்று எதிரே உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டேன்.

"எவங்க?"

"காட் எண்ட்ஸ்ல டிரம்ஸ் வாசிச்சவங்க. எனக்கு அந்த ரெண்டாவது ஆல்பம்னா..."

"ரெண்டாவது ஆல்பத்தப் பத்தின்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடு கண்ணு" என்றார் டோனா, சாண்ட்விச்சைக் கீழே வைக்காமல். "அதுல நான் வாசிக்கல."

நான் எழுந்து போகவில்லை. இரண்டு மணி நேரம் பேசினார், மூன்று கோப்பை தேநீர் ஆறிப்போனது. எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா அழகாக்கிடாத" என்றார். முயன்று பார்க்கிறேன்.

கிரிம்ஸ்பியில் வளர்ந்தவர்களுக்குக் காட் எண்ட்ஸ் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இந்த மீன்பிடித் துறைமுக ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நான்கு பேரின் இசைக்குழு. கார்ல் பாட்டு எழுதுவான், பாடுவான். ஸ்டூ பேஸ் கிதார், அட்ரியன் கிதார். டோனா டிரம்ஸ். மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் அம்மா மோரினோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்துக்கொண்டே வாசிக்கவும் செய்தவள். முதல் ஆல்பம் 'லாஸ்ட் பஸ் டு இம்மிங்ஹாம்' வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஸ்னூக்கர் கிளப்பின் பின்னறையில், எட்டே நாளில், நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசித்துப் பதிவு செய்தது.

அந்த ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு ஓட்டம் இருக்கும். பல்லவி வந்தால் டோனாவுக்குப் பொறுக்காது. கார்ல் பாடுகிற சொற்கள் காதில் விழுந்ததுமே கை முந்திக்கொள்ளும், பாட்டு வேகம் எடுக்கும், மற்ற மூன்று பேரும் அவளைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். கேட்கிறவன் காலும் தானாக எழும்பும். யாரும் யோசித்துச் செய்ததில்லை. "இவ பின்னாடி வாசிக்கிறது கடைசி பஸ்ஸப் பிடிக்க ஓடுற மாதிரி. பிடிச்சா சொர்க்கம். விட்டா நடந்துதான் வீட்டுக்குப் போகணும்" என்பான் ஸ்டூ.

அந்த ஓட்டத்துக்குத்தான் லண்டன் பத்திரிகைகள் மயங்கின. இசைத்தட்டுக் கம்பெனியும் அதற்காகத்தான் அடுத்த ஆல்பத்தைக் கேட்டது. கேட்டுவிட்டு, அந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கு ஓர் ஆளையும் அனுப்பியது.

ஆளின் பெயர் ஹ்யூகோ. பெரிய தயாரிப்பாளர். வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு பண்ணைவீட்டு ஸ்டுடியோ, மூன்று மாதம் எடுத்திருந்தார்கள். ஹ்யூகோ வெறுங்காலோடுதான் ஸ்டுடியோவுக்குள் நடப்பார். அதுவே டோனாவுக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு, நான்கு பேரையும் கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"இங்க பாரு டோனா. ஆரம்பிக்கும்போது நிமிஷத்துக்கு நூத்தி நாப்பத்தெட்டு அடி. பல்லவியில நூத்தி அறுபத்தொண்ணு. திரும்பி வரும்போது நூத்தி அம்பத்துமூணு. நடுவுல எந்த ஊருக்குப் போயிட்டு வர்ற?"

"பல்லவிக்கு" என்றாள் டோனா.

ஸ்டூ விழுந்து விழுந்து சிரித்தான். கார்ல் சிரிக்கவில்லை. டோனா அதைக் கவனித்தாள்.

ஹ்யூகோ கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிளிக்கோடு வாசிக்க வேண்டும். காதில் மாட்டிய ஹெட்ஃபோனுக்குள் ஓர் இயந்திரம் டிக், டிக் என்று போட்டுக்கொண்டே இருக்கும், அதை விட்டு ஒரு மயிரிழை முன்னே பின்னே போகக் கூடாது. அப்படி வாசித்தால்தான் பாட்டை எங்கே வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம், ரேடியோவுக்கும் ஒத்துவரும். டோனாவுக்கு அது வரவில்லை. பல்லவி வந்ததும் டிக் டிக் பின்னால் எங்கேயோ நின்றுவிடும், அவள் முன்னால் போய்க்கொண்டிருப்பாள். ஒன்பது நாள் முயன்று பார்த்துவிட்டு, ஒரு மாதம் வீட்டுக்குப் போய்ப் பழகிவிட்டு வரச் சொன்னார் ஹ்யூகோ.

அன்றைக்கு வெளியே ஆட்டுக் கொட்டகைப் பக்கம் கார்ல் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"எப்படியாவது பழகிடு டோனா. இல்லன்னா வேற ஆளக் கொண்டாந்துருவாங்க. எனக்கு அது வேணாம். இது நம்ம நாலு பேரு ஆல்பம்."

"நீ சொல்லு, 'இவ ஓட்டம் எனக்குப் பிடிக்கும்'னு. நீ சொன்னா கேப்பாங்கல்ல?"

"சொல்லிப் பாத்தேன்."

சொல்லிப் பார்க்கவில்லை என்று அவளுக்கு அப்போதே தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்தவன். பொய் சொன்னால் காதைத் தடவுவான். தடவினான். ஆனாலும் அந்த ஆல்பத்தில் தான் இருக்க வேண்டும், வேறு எவனும் அல்ல. அவளுக்கு அன்றைக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஊருக்கு வந்து, அம்மா வீட்டு கராஜில் டிரம்ஸை வைத்து, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமலிருக்க மேலே பழைய மெத்தை விரிப்புகளைப் போட்டு, தினமும் ஆறு மணி நேரம் அந்த டிக் டிக்கோடு உட்கார்ந்தாள். எது தன்னை ஓட வைக்கிறது என்று மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். பாட்டின் சொற்கள்தான். கார்ல் குரல் நெஞ்சில் வந்து மோதுகிற இடத்தில்தான் கை முந்துகிறது. அதனால் சொற்களைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகினாள். சுவரில் ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். பாட்டு எதைப் பற்றியது என்பதையே மறக்கப் பழகினாள்.

மோரின் தேநீர் கொண்டு வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"என்னடி இது, குழாய் சொட்டுற மாதிரி இருக்கு."

"அப்படித்தான்மா வேணுங்கிறாங்க."

"யாரு, பிளம்பரா?"

ஒரு மாதம் முடிந்து வேல்ஸுக்குத் திரும்பினாள். நான்கே நாளில் பதினோரு பாட்டும் வாசித்து முடித்தாள். திரையில் கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக வந்தது. ஹ்யூகோ வெறுங்காலோடு குதித்தார். "இனிமே இயந்திரந்தான் உன்கிட்ட கத்துக்கணும்!" கார்ல் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அதற்கு முன்னும் பின்னும் தன் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை என்றார் டோனா. இதைச் சொல்லும்போது தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆல்பம் பதிகிறவர்களின் வழக்கம் ஒன்று உண்டு. முதலில் டிரம்ஸ் பதிவாகும். அதன் மேல்தான் பேஸ், கிதார், கடைசியில் குரல் என்று அடுக்குவார்கள். அதனால் டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு முதல் வாரத்தோடு வேலை முடிந்துவிடும். மற்றவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள். டோனாவை ரயிலடியில் இறக்கிவிட்ட ஸ்டூ, "நீ தப்பிச்சே. நாங்க இன்னும் ஒண்ணரை மாசம் ஆட்டு மூஞ்சியப் பாத்துட்டு இருக்கணும்" என்றான். அவளும் சிரித்துக்கொண்டே ரயில் ஏறினாள். வாரத்துக்கு இரண்டு தடவை கார்லுக்குப் போன் போட்டாள். "நல்லா வருது, நல்லா வருது" என்பான். ஐந்தாவது வாரத்திலிருந்து அவன் போனை எடுக்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆல்பம் தயாராகி, கடைக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பு தபாலில் ஒரு சிடி வந்தது. 'டிரை லேண்ட் ஃபார் பிகினர்ஸ்'. அட்டையில் நான்கு பேர் முகம். உள்ளே: டிரம்ஸ், டோனா மாடிசன். மோரின் அதை வாங்கிச் சமையலறை மேசையில் இருந்த பெட்டியில் போட்டார். முதல் பாட்டு ஆரம்பித்தது. பல்லவி வந்தது.

பல்லவி ஓடியது.

"இதான்! இதான் என் பொண்ணு!" என்று மோரின் மேசையைத் தட்டினார். "குழாய எங்கடி வச்சீங்க? அத அடைச்சாச்சா?"

டோனா சிடியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய், ஹெட்ஃபோன் மாட்டி மறுபடி கேட்டாள். அவள் இடக்கைக்காரி. டிரம்ஸை மற்றவர்களுக்கு நேர் எதிராக அடுக்கி வைத்து வாசிப்பவள். அதனால் உருட்டி அடிக்கும்போது அவளுடைய சத்தம் வலது காதில் தொடங்கி இடது காதில் போய் முடியும். முதல் ஆல்பம் முழுக்க அப்படித்தான். இந்தச் சிடியில் பதினோரு பாட்டிலும் சத்தம் இடது காதிலிருந்து வலது காதுக்குப் போனது. வாசித்தவன் வலக்கைக்காரன். அவன் அவளுடைய ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்தான். எங்கே முந்துவாள், எவ்வளவு முந்துவாள், எங்கே மூச்சு வாங்குவாள், அத்தனையும் சரியாக இருந்தது. ஒரு மாதம் கராஜில் உட்கார்ந்து தானே கழுத்தை நெரித்த ஓட்டம், வேறொருத்தன் கையில் உயிரோடு இருந்தது.

கார்ல் நான்காவது தடவைதான் போனை எடுத்தான்.

"யாருடா அது?"

"எது?"

"காதத் தடவாம சொல்லு. எனக்குத் தெரியும் தடவிட்டுத்தான் இருப்பே."

பிறகு சொன்னான். அவள் போன பிறகு மேலே மேலே அடுக்கிப் பார்த்தார்கள், பாட்டு எழுந்திருக்கவே இல்லை. கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டுவிட்டு, முதல் ஆல்பத்தில் இருந்தது இதில் இல்லையே என்றார்கள். அது டிரம்ஸ்தான் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. லண்டனிலிருந்து ராபின் என்று ஒருத்தனை வரவழைத்தார்கள். கூப்பிட்டால் வந்து யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துவிட்டுப் போகிறவன். அவன் மூன்று நாள் முதல் ஆல்பத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, டோனா மாதிரியே வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனான், அதன் மேல் மற்றதையெல்லாம் மறுபடி பதிந்தார்கள்.

"என் மாதிரி வாசிக்க ஒருத்தன் வேணும்னா என்னையில்ல கூப்பிட்டிருக்கணும்?"

"எப்படிக் கூப்பிடுறது டோனா? நீ ஒரு மாசம் உசுரக் குடுத்துப் பழகியிருந்தே. எவ்வளவு சந்தோஷமாப் போனே. உன்னக் கூப்பிட்டு, பழைய மாதிரியே வாசின்னு சொல்ல மனசு வரல."

"மனசு வரலையா?"

"சத்தியமா. உன் பேருதான் இருக்கு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்லடா."

அவன் மேல் அவளுக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம், அவன் அப்போது பொய் சொல்லவில்லை என்பதுதான். உண்மையாகவே மனசு வராமல்தான் செய்திருக்கிறான். திட்டியிருந்தால், துரத்தியிருந்தால், ஊருக்கே சொல்லியிருப்பாள். பாவம் பார்த்து ஒளித்துவைத்ததை எங்கே போய்ச் சொல்வது?

சொல்லாமல் விட்டதற்கு இன்னொரு காரணம் மோரின். அதற்குள் அவர் பதினான்கு சிடி வாங்கித் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று மீன் அடுக்குகிறவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் டோனா பெயரின் கீழே பேனாவால் கோடு போட்டு. அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்வது? சொல்லவில்லை. மோரின் நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். தன் இறுதிச் சடங்கில் அந்த ஆல்பத்திலிருந்துதான் ஒரு பாட்டு போடச் சொல்லி எழுதி வைத்திருந்தார். போட்டார்கள். டோனா முதல் வரிசையில் உட்கார்ந்து ராபின் வாசித்ததைக் கேட்டார்.

இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான். அவர் துடைக்கவில்லை.

ஆல்பம் வெளியானது. பெரிதாக ஓடியது. விமர்சனங்களில் முக்கால்வாசி டிரம்ஸைப் பற்றித்தான். 'டோனா மாடிசன் முழுசாக வளர்ந்து நிற்கிறார்' என்று ஒருவர் எழுதினார். பிறகு ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டியிருந்தது, நாற்பத்தொரு ஊர். அங்கேதான் அடுத்த அடி விழுந்தது. அவளால் ஓட முடியவில்லை! கார்ல் பாடுகிற சொற்கள் காதில் விழவே மாட்டேன் என்றன. பல்லவி வரும், கண் தானாக ஓர் ஆணியைத் தேடும், காதுக்குள் டிக் டிக் கேட்கும், கை நேராகப் போகும். ராபின் தன்னைப் போல வாசித்ததை, தினமும் பஸ்ஸில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு டோனா பாடம் பண்ணினாள். தன்னைத் தானே காப்பி அடிக்கப் பார்த்தாள். வரவில்லை. லெஸ்டரில் ஒரு பாட்டின் நடுவே கார்ல் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை விரட்டுகிற மாதிரி ஆட்டினான். சீக்கிரம், சீக்கிரம் என்று. மாடு ஓட்டுகிறவன் கூட அப்படி ஆட்டமாட்டான்.

நாற்பத்தொன்றாவது ஊர் முடிந்ததும் குச்சிகளை ஸ்டூ கையில் கொடுத்துவிட்டு, "கிளம்புறேன்" என்றாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்றான் ஸ்டூ. "பாக்க முடியாது" என்றாள். அவ்வளவுதான் பிரிவு. அடுத்த வருடமே காட் எண்ட்ஸ் கலைந்தது.

இதெல்லாம் பழைய கதை. போன மாதம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது.

இரண்டாவது ஆல்பத்துக்கு இப்போது இருபது வயது. புது அட்டையில் மறுபதிப்பு வருகிறது. ஷெஃபீல்டில் பெரிய அரங்கில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாசிக்கப் போகிறார்கள். கார்ல் பிரைட்டனிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து டோனாவின் சமையலறையில் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. கையில் பூங்கொத்து.

"செத்தவங்க வீட்டுக்கு வர்ற மாதிரி வந்திருக்கே" என்றார் டோனா.

"நீ வரணும் டோனா. நாலு பேரும் சேந்து நிக்கணும். ஒரே ஒரு நாள்."

"வரேன். புது அட்டையில ராபின் பேரப் போடு. டிரம்ஸ், ராபின்னு. அவ்வளவுதான்."

"அது எப்படி... இருபது வருஷம் கழிச்சா? ராபினே கேக்கல."

"நான் கேக்குறேன்ல?"

"கூடுதல் தாளம்னு சின்னதா போட்டுரலாம், கீழ."

"கூடுதலா? பதினோரு பாட்டும் அவன் வாசிச்சான். நான் வாசிச்சது ஒரு அடி இருக்கா அதுல? ஒரே ஒரு அடி காட்டு."

"ஜனங்க நம்ம நாலு பேரு கதைய விரும்புறாங்க டோனா. அதக் கெடுக்கணுமா?"

"கெடுத்தது நானா?"

கார்ல் காதைத் தடவினார். பிறகு பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது எலுமிச்சைச் சோடா பாட்டிலில் ஒரு வாரம் இருந்தது என்றார் டோனா. "நல்ல பூ. தூக்கிப் போட மனசு வரல" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டுக் கசப்பாகச் சிரித்தார்.

நேற்று அறிவிப்பு வந்துவிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேடையில் கார்ல், ஸ்டூ, அட்ரியன். டிரம்ஸ், ராபின். டோனா சொந்தக் காரணங்களால் கலந்துகொள்ளவில்லையாம். புது அட்டைப் படமும் வந்திருக்கிறது. உள்ளே அதே வரி: டிரம்ஸ், டோனா மாடிசன். தான் வாசித்ததை ஒருவன் மேடையில் வாசிக்கப் போகிறான், ஆனால் அது அவனுடையது என்று எங்கும் இல்லை. தான் வாசிக்காததற்கு ஒரு பெண் இன்னும் இருபது வருடம் பாராட்டு வாங்கப் போகிறார்.

"இன்னைக்குக் காலைல ஸ்கூல்ல ஒரு டீச்சர் வந்து வாழ்த்துச் சொல்றாங்க கண்ணு. கைல மீன் கரண்டி. என்ன சொல்ல? தேங்க்ஸுன்னு சொல்லிட்டு இன்னொரு துண்டு வச்சேன்."

இப்போது வாசிக்கிறீர்களா என்று கேட்டேன். வாசிக்கிறார்! கிளீதோர்ப்ஸ் போகிற வழியில் விக்டரி கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆர்கன் வாசிப்பவர் டெரெக், வயது எண்பது. அந்தந்த வாரம் யார் பாட வருகிறார்களோ அவர்களுக்குப் பின்னால் டோனா. பாட வருகிறவர்களுக்கு அவர் என்றால் உயிர். முட்டி வலி, மூச்சு வாங்கல் உள்ள ஆட்கள் அவர்கள். டோனா ஒருபோதும் ஓடமாட்டார், அவர்களை விட்டுவிட்டு முன்னே போகமாட்டார்.

"கடியாரம் மாதிரி வாசிக்கிறேன்னு டெரெக் சொல்லுவாரு. பாராட்டித்தான் சொல்றாரு. நானும் அப்படித்தான் எடுத்துக்கிறேன்."

நண்பர்களே, இதைப் பகிருங்கள். அழகுக்காக அல்ல. அவர் கேட்டது ஒன்றுதான்: நான் வாசிக்காததற்கு எனக்குக் கைதட்டாதீர்கள். மறுபதிப்பு வாங்குகிறவர்கள் ஒரு பேனா எடுத்து, டோனா பெயரை அடித்துவிட்டு ராபின் என்று எழுதுங்கள். எழுதிய அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள், கார்ல் கண்ணில் படட்டும். டோனா உண்மையாகவே வாசிப்பதைக் கேட்க வேண்டுமென்றால் விக்டரி கிளப், ஞாயிறு, மதியம் ஒரு மணி. போய்க் கேளுங்கள். முடிந்ததும் அந்த ஆல்பத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.